‘ஒடுக்கினவர்களை ஆளுவார்கள்’ என்ற வசனம் எனக்குத்தானா, ஐயா?

தென்மாவட்டத்திலிருந்து 41 வயது சகோதரி ஒருவர் மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா ஆறு வருடங்களுக்கு முன் உயில் எழுதாமல் இறந்துபோனார். அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, அதன் முன்புறம் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள். பிள்ளைகள் இரண்டே பேர், ஓர் அண்ணனும் இவரும். இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அடக்கம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், ‘பொம்பளப்பிள்ளைக்கு நகைதான், வீடு எனக்கு’ என்று அண்ணன் பேச ஆரம்பித்தார். அண்ணியின் பேச்சு தாங்காமல் இவரும் அம்மாவும் ஒரு அறை வாடகை வீட்டுக்குப் போனார்கள். கடை வாடகை முழுவதும் அண்ணன் கைக்குப் போயிற்று. பாகப்பிரிவினை வழக்கு நாலு வருடமாக நடக்கிறது.

போன டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்த கையோடு, தெரிந்தவர் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு ஊழியர் இவர் தலையில் கைவைத்து ஏசாயா 14:2 ஐச் சொன்னார்: “தங்களைச் சிறையாக்கினவர்களைச் சிறையாக்கி, தங்களை ஒடுக்கினவர்களை ஆளுவார்கள்.” இந்த வருஷம் முடிவதற்குள் உன்னைத் துரத்தினவன் உன் வாசலில் வந்து நிற்பான், முழு வீடும் உன் கைக்கு வரும், சமரசத்துக்கு இடம் கொடுக்காதே, அவனுக்குள் இருப்பது அதே அதிகாரத்தில் வருகிற லூசிபரின் ஆவி என்றெல்லாம் சொன்னாராம். சகோதரி தன் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் மாதம் அண்ணன் உண்மையாகவே வாசலில் வந்து நின்றார். இரும்புக்கடை நொடித்துவிட்டது. சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பிறகு சித்தப்பா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: சொத்தை விற்று மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வோம், மகன் பிளஸ் டூ முடிக்கும்வரை அந்த வீட்டிலேயே இருக்க விடுங்கள், இத்தனை வருடக் கடை வாடகைக் கணக்கைக் கேட்காதீர்கள்.

சகோதரியின் சொற்களிலேயே கடைசிப் பகுதி: “அண்ணன் கதவைத் தட்டினபோது நான் திறக்கவில்லை ஐயா. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெலிந்து போயிருந்தான். சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மா அழுதுகொண்டே இருந்தார்கள். தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டதா? பாதி நிறைவேறினதை நான் சமரசம் பண்ணிக் கெடுக்கலாமா? எனக்கு வந்த சந்தோஷம் பாவமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன். முப்பது வருடம் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான். ‘அந்த வசனம் உங்களுக்கு எழுதப்பட்டதல்ல’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் வேதபாடம் சரியாக இருக்கும், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. போன டிசம்பர் இரவிலிருந்து உங்களைத் தாங்கிப் பிடித்தது அந்த ஒரு வரிதான் என்பது கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அதனால் அந்த வரியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

யாருக்குச் சொன்ன வார்த்தை?

ஏசாயா 13 ஆம் அதிகாரமும் 14 இன் பெரும்பகுதியும் பாபிலோனைப் பற்றிய ‘பாரம்’, அதாவது அதற்கு எதிரான தீர்ப்பு வார்த்தை. கி.மு. 597 இல் யூதாவின் ராஜாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் தேசத்துக்குக் கொண்டுபோனான். 586 இல் எருசலேமையும் ஆலயத்தையும் சுட்டெரித்து, இன்னும் பலரைக் கொண்டுபோனான். நம் தமிழ் வேதாகமம் இதைச் ‘சிறையிருப்பு’ என்று சொல்வதால், கம்பிக்குப் பின்னால் அடைத்துவைத்ததாக நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி, வேறொரு தேசத்தில் குடியமர்த்தி, அங்கே உழைக்கவும் வரி கட்டவும் வைப்பதுதான் அந்தச் சிறை. பாபிலோனில் யூதர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்ததையும் வரி கட்டினதையும் கடன் வாங்கினதையும் குறித்த களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவர்கள் குடியிருந்த ஓர் ஊருக்கே யூதாவின் பெயர் இருந்திருக்கிறது. அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், ஆனால் வீடு வேறு எங்கேயோ இருந்தது. வாடகை அறையில் இருந்துகொண்டு, சொந்த வீட்டின் முன்கடை வாடகையை இன்னொருவர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜனத்துக்குத்தான் சொல்லப்பட்டது: கர்த்தர் திரும்பவும் இரங்குவார், உங்கள் தேசத்தில் உங்களைத் தங்கவைப்பார், அந்நியரும் வந்து உங்களோடு சேர்ந்துகொள்வார்கள், உங்களைக் கொண்டுபோனவர்களே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறது உங்கள் வசனம். அதில் ‘ஒடுக்கினவர்கள்’ என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் ‘நோகேஸ்’ என்ற சொல். எகிப்தில் செங்கல் கணக்குக் கேட்டு அடித்த ஆளோட்டிகளுக்கு யாத்திராகமம் கொடுக்கிற அதே பெயர். அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு முதுகு கூசியிருக்கும். ‘ஆளுவார்கள்’ என்பது ‘ரதா’ என்ற வினைச்சொல். லேவியராகமம் 25 ஆம் அதிகாரத்தில், வறுமையால் உன்னிடம் விலைப்பட்டு வந்த சகோதரனைக் கொடூரமாக ஆளாதே என்று மோசே தடுக்கிற இடத்திலும் அதே வினைச்சொல்தான். ஒரே சொல் ஓர் இடத்தில் ஆறுதலாகவும் இன்னோர் இடத்தில் எச்சரிப்பாகவும் வருகிறது. எதிரே நிற்பவன் அந்நிய ஆளோட்டியா, கெட்டுப்போய் வந்து நிற்கிற சகோதரனா என்பதுதான் வித்தியாசம்.

இந்த வசனத்தைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. அந்நியர்கள் இஸ்ரவேலுக்கு வேலைக்காரரும் வேலைக்காரிகளும் ஆவார்கள் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. அடிமைப்பட்டவன் விடுதலையைக் கனவு காணும்போது, தன்னைக் கட்டின கயிறே எஜமானின் கையைக் கட்டுவதாகத்தான் காண்பான். அதே புத்தகத்தில் ஐந்து அதிகாரம் தள்ளி, 19 ஆம் அதிகாரத்தின் முடிவில், எகிப்தும் அசீரியாவும் இஸ்ரவேலோடு ஒரே வரிசையில் நின்று ஆசீர்வாதம் பெறுகின்றன. எகிப்தை ‘என் ஜனம்’ என்கிறார் கர்த்தர். இந்த இரண்டு கனவுகளையும் ஒரே சுருளில் வைத்திருக்கிறார்கள், ஒன்றை அழித்துவிடவில்லை. வாக்குத்தத்த அட்டைகளில் மட்டும் ஒன்றுதான் வரும். நல்லது, யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிற 3 ஆம் அதிகாரத்தையும் எந்த அட்டையிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

லூசிபர் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். அந்த அதிகாரத்தின் பாட்டு பாபிலோன் ராஜாவைப் பற்றியது என்று நாலாம் வசனமே சொல்கிறது. விழுந்து கிடப்பவனைப் பார்க்கிறவர்கள் அவனை மனுஷன் என்றே சொல்கிறார்கள், புழு அவனுக்குப் படுக்கை ஆகிறது. ‘விடிவெள்ளி’ என்ற எபிரெயச் சொல்லை ஜெரோம் லத்தீனில் ‘லூசிபர்’ என்று பெயர்த்ததிலிருந்து வந்த பேர் அது. பிசாசின் வீழ்ச்சியை அங்கே வாசிக்கிற பழக்கம் சபையில் பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாரம் இரண்டு நாள் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கிற உங்கள் அண்ணனுக்குள் அந்த ஆவி இருக்கிறதென்று சொல்ல அந்த அதிகாரத்தில் ஒரு எழுத்தும் கிடையாது.

நிறைவேறினது எப்படி?

நீங்கள் ‘பாதி நிறைவேறினது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு ஆச்சரியம். முதல் முறையும் அது அப்படித்தான் நிறைவேறியது.

கி.மு. 539 இல் பாபிலோன் விழுந்தது. விழவைத்தவன் பாரசீகத்தின் கோரேசு ராஜா. யூதர்கள் ஒரு கல்லும் எறியவில்லை. சிறையாக்கினவர்களைச் சிறையாக்கினது பாரசீகம்தான். கோரேசு விடைகொடுத்து அனுப்பினான், ஆலயப் பணிமுட்டுகளையும் திருப்பிக் கொடுத்தான், ஜனங்கள் திரும்பி வந்தார்கள். எஸ்றா 2 ஆம் அதிகாரம் கணக்கே கொடுக்கிறது: சபையார் 42,360 பேர், அவர்களோடு வந்த வேலைக்காரரும் வேலைக்காரிகளும் 7,337 பேர். இதோ ஏசாயா சொன்னது என்று இந்த எண்ணைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வேலைக்காரர்கள் பாபிலோனியர் என்று எஸ்றா சொல்லவில்லை. ஆலயம் 515 இல் எழும்பியது. இது திரும்பப் பெற்ற பாதி.

மறு பாதியை நெகேமியா 9 ஆம் அதிகாரத்தில் படியுங்கள். பாரசீக ராஜாவின் அதிபதியாக நெகேமியா எருசலேமுக்கு வந்தது 445 இல். பாபிலோன் விழுந்து 94 வருடம் ஆகிவிட்டது. பிதாக்களுக்குக் கொடுத்த இதே தேசத்தில் நாங்கள் இன்றைக்கும் அடிமைகள்தான், விளைச்சல் ராஜாக்களுக்குப் போகிறது என்று ஜனங்கள் ஜெபத்தில் அழுகிறார்கள். தேசம் கிடைத்தது, ஆளுகை கிடைக்கவில்லை. மீதி பாதி கடைசி நாட்களில் எழுத்தின்படியே நடக்கும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். ‘அந்நியர் சேர்ந்துகொள்வார்கள்’ என்ற முதலாம் வசனம் சுவிசேஷத்தால் நிறைவேறிவருகிறது என்று வேறு சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு ஒப்புகிறது. எப்படி வாசித்தாலும், நிறைவேறாத பாதியை யாரும் தங்கள் கையால் முடித்துக்கொடுக்கக் கிளம்பவில்லை.

‘இந்த வருஷத்துக்குள்’ என்ற கெடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரேமியா 28 இல் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவேகூட முதலில் ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறான். ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. அடுத்த அதிகாரத்தில் எரேமியா எழுதுகிற கடிதத்தில் இருப்பது 70 வருஷக் கணக்கு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். உங்கள் தலையில் கைவைத்த ஊழியரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அண்ணன் வாசலில் வந்து நின்றது உண்மைதான். ஆனால் நொடித்துப்போனவன், நோயாளி, வழக்கின் எதிர்த்தரப்பு, கூடப்பிறந்தவன். அவன் உங்கள் வாசலுக்கு வராமல் வேறு யார் வாசலுக்குப் போவான்? அதைச் சொல்லத் தீர்க்கதரிசி தேவையில்லை, சித்தப்பா போதும். இனிமேல் அடகு வைத்துக் காணிக்கை கொடுக்காதீர்கள். ஊழியரிடம் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். சங்கிலியை மீட்கிற வழியைப் பாருங்கள்.

அந்தச் சந்தோஷம்

இதுதான் உங்கள் கடிதத்தின் நடு. ‘உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே’ என்ற நீதிமொழியை இதற்குள் நாலு பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அதைத் திரும்ப எடுத்து உங்களை அடிக்கப் போவதில்லை.

ஏசாயா 14 ஒரு ஏளனப் பாட்டு. “ஒடுக்கினவன் ஒழிந்துபோனானே!” என்று தொடங்குகிறது. லீபனோனின் மரங்கள்கூட அதில் சந்தோஷப்படுகின்றன, நீ விழுந்துபோனாய், இனி எங்களை வெட்ட ஒருவரும் வருவதில்லை என்று. நேபுகாத்நேச்சார் அந்த மலையில் கேதுரு வெட்டினதைக் கல்லில் பொறித்தே வைத்திருக்கிறான், மரங்களுக்கும் அவ்வளவு கோபம் இருக்கத்தானே செய்யும். பிறகு, விழுந்து கிடக்கிற ராஜாவைப் பார்க்கிறவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள், பூமியைத் தத்தளிக்கச் செய்தவன் இவன்தானா என்று கேட்கிறார்கள். ஜன்னல் வழியாக நீங்கள் பார்த்த பார்வை அதுதான், சகோதரி. எங்களை வெளியே தள்ளினவன் இவன்தானா, இவ்வளவு மெலிந்துவிட்டானா! அந்தப் பார்வை வேதத்திலேயே இருக்கிறது. அடிபட்டவர்களின் வாயைப் பொத்தாமல் அந்தப் பாட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆகையால் அந்தச் சந்தோஷம் வந்ததற்காக நடுங்காதீர்கள்.

ஆனால் பாட்டுக்கு முந்தின வசனத்தையும் பாருங்கள். மூன்றாம் வசனம், அந்தப் பாட்டு எந்த நாளில் பாடப்படும் என்று சொல்கிறது: கர்த்தர் உன் துக்கத்தையும் தத்தளிப்பையும் கடினமான அடிமைத்தனத்தையும் நீக்கி உன்னை இளைப்பாறப்பண்ணும் நாளிலே. இளைப்பாறுதல் முதலில், பாட்டு பிறகு. உங்களுக்கோ பாட்டு வந்தது, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நீங்களே எழுதின இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் துக்கம் இன்னும் நீங்கவில்லை. அண்ணன் விழுந்ததால் அது நீங்கவும் இல்லை. அந்த வசனத்தின் நாள் இன்னும் வரவில்லை என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

நாசரேத்தில் இயேசு இதே புத்தகத்தின் 61 ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்பதுவரை வாசித்து, அடுத்து வருகிற ‘நீதியைச் சரிக்கட்டும் நாள்’, அதாவது பழிக்குப் பழி வாங்கும் நாள், என்பதற்கு முன்னால் நிறுத்திப் புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். பிறகு அந்நிய ஊர் விதவையையும், அந்நிய தேசத்துச் சேனாதிபதி நாகமானையும் பற்றிப் பேசினார். ஊர்க்காரர்கள் அவரை மலைமேலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். தங்களுக்கு என்று நினைத்திருந்த வசனத்தில் அந்நியனுக்கும் பங்கு இருக்கிறதென்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதிகாரம் கைக்கு வந்த பிறகு

ஏசாயா 14:2, கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்குச் சொன்ன வார்த்தை. போன டிசம்பரில் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். இப்போது அப்படி இல்லை. கதவு உங்கள் கையில், வழக்கு உங்கள் பக்கம், கெஞ்சுவது அவர். இந்த நிலைமைக்கு நீங்கள் படிக்கவேண்டியது நெகேமியா 5.

திரும்பி வந்த யூதர்களிலேயே பணக்காரர்கள் ஏழைகளுக்குக் கடன் கொடுத்து, நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் ஈடாக வாங்கிக்கொண்டார்கள். ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினவர்களின் மகள்கள் அடிமைப்பட்டார்கள். புறஜாதிகளிடம் விலைப்பட்ட சகோதரரை நாங்கள் மீட்டோமே, நீங்கள் திரும்ப விற்பீர்களா என்று நெகேமியா கேட்டபோது அவர்களால் பதில் பேச முடியவில்லை. பாபிலோனியனை ஆளக் கிடைக்கவில்லை, கிடைத்தது கூடப்பிறந்தவன்தான். நிலத்தையும் வீட்டையும் வட்டியையும் ‘இன்றைக்கே’ திருப்பிக் கொடுங்கள் என்றான் நெகேமியா. தன் பங்குக்கு, அதிபதிக்கு உரிய படியைப் பன்னிரண்டு வருஷம் வாங்காமல் இருந்தான். எனக்கு முன்னிருந்தவர்களின் வேலைக்காரர்கள்கூட ஜனத்தின்மேல் அதிகாரம் செலுத்தினார்கள், நானோ தேவனுக்குப் பயந்து அப்படிச் செய்யவில்லை என்கிறான்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாரே’ என்று நினைத்துவிடாதீர்கள். நெகேமியா 5 இன்படி இன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டியவர் உங்கள் அண்ணன். சகோதரனின் சொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது அவர்தான். அவரிடமிருந்து உங்கள் பங்கை வாங்குவது பழிவாங்குதல் ஆகாது. மன்னித்துவிட்டேன் என்பதற்காகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உரிமையை விடவேண்டும் என்று எந்த வசனமும் கேட்கவில்லை. நம் சபைகளில் பெண்களிடம் மட்டும் இந்த மன்னிப்பைக் கேட்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது.

வழக்கும் சமரசமும்

நான் வக்கீல் அல்ல. உங்கள் வக்கீலிடம் கேட்கவேண்டியதை மட்டும் எழுதுகிறேன். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து 1925 ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் அதில் இல்லை. ஆகவே அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ‘நகைதான் உனக்கு’ என்று அவர் சொன்னது தவறு. ‘முழு வீடும் உனக்கு’ என்று ஊழியர் சொன்னதும் தவறு. கடைசிவரை போராடி ஜெயித்தாலும் நீதிமன்றம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தரும். முதல்நிலைத் தீர்ப்பாணை, சொத்தைப் பார்த்துப் பிரிக்க நீதிமன்றம் அனுப்புகிற கமிஷனர், இறுதித் தீர்ப்பாணை, அதன்மேல் அப்பீல் என்று வருடங்கள் போகும். இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருக்கிறது: அண்ணனுக்கு ஏதாவது ஆனால் அவர் பங்கு உங்களுக்கு வராது, அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். காத்திருப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

சித்தப்பா கொண்டுவந்த பேச்சு, என் பார்வையில், மோசமானது அல்ல. மூன்று பங்கு என்பதை அண்ணனே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். வழக்கு நடக்கிற நீதிமன்றத்திலேயே சமரச மனுவாக எழுதி, அதன்படி தீர்ப்பாணை வாங்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். பணம் கைக்கு வருவதற்கு முன் விடுதலைப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பையன் பிளஸ் டூ முடிக்கும்வரை இருக்கலாம் என்றால், எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள். அந்தப் பையன் உங்களை வெளியே தள்ளவில்லை. கடை வாடகையைப் பொறுத்தவரை, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் முழுக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு என்று தெரிந்த பிறகு, எவ்வளவை விடலாம், விடவேண்டுமா என்று யோசிக்கலாம். தெரியாத தொகையை மன்னிப்பது மன்னிப்பில் சேராது, அது வெறும் சோர்வு. வழக்குச் செலவையும் அடகுச் சங்கிலியின் வட்டியையும் அதிலேயே கழித்துக்கொள்ளலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

கதவைத் திறப்பது இதிலிருந்து தனி விஷயம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். பங்கு பிரிந்த பிறகும் அவரைப் பார்க்க மனம் வராமல் இருக்கலாம், பிரிவதற்கு முன்பே ஒரு நாள் டயாலிசிஸ் வார்டுக்குப் போய் நிற்கலாம் என்றும் தோன்றலாம். யோசேப்பு தன் சகோதரரிடம் ‘நான் தேவனா’ என்று கேட்டது அவர்கள் அவனைக் குழியில் போட்டு எத்தனையோ வருடம் கழித்து, அப்பாவையும் அடக்கம்பண்ணின பிறகு. அதற்கு முன் அவர்களை நன்றாகவே அலைக்கழித்தான், தனி அறைக்குப் போய் அழவும் செய்தான். உங்களுக்கும் நேரம் எடுக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று பக்கக் கடிதத்தில் ஊழியர் என்ன சொன்னார், அண்ணி என்ன சொன்னார், சித்தப்பா என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. அம்மா அழுதுகொண்டே இருந்தார்கள் என்று இருக்கிறது, அம்மா என்ன சொன்னார்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது, சமரச மனுவில் அவர்களும் தனியாகக் கையெழுத்துப் போடவேண்டும். அன்றைக்கு ராத்திரி அவர்கள் அழுதது உங்களுக்காகவா, அண்ணனுக்காகவா, அப்பாவுக்காகவா என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த வாய்தாவுக்கு முன்னால், வக்கீலைப் பார்க்கப் போவதற்கும் முன்னால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.